கொல்லனுக்கு எதற்குக் குறடு?

(வேதபாடம்)



வாலிபர் கூட்டம் முடிந்து ஜமுக்காளத்தைச் சுருட்டும் நேரத்தில் ஒரு தம்பி வந்து கேட்டான்: "பாஸ்டர், பழுக்கக் காய்ச்சின இரும்பை வெறுங்கையால பிடிச்சு வளைக்க முடியுமா? விசுவாசம் இருந்தா முடியும்னு ஒருத்தர் சொல்றாரு." பக்கத்தில் நின்ற ஒரு சகோதரி அவனை முந்திக்கொண்டு, "வளைக்கிறது இருக்கட்டும் ஐயா. எங்க ஊர்ல ஏதாவது காணாம போச்சுன்னா சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்றாங்க. நாளைக்கு இரும்பைத் தூக்குன்னு சொன்னா நாங்க என்ன பண்றது?" என்றார்கள். தம்பியின் கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். சகோதரியின் கேள்வி வேடிக்கை அல்ல. ஆனால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே நிதானமாகப் படிப்போம்.

முதலில் பட்டறைக்குப் போவோம். செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் கதிர் அரிவாளும் மண்வெட்டியும் கலப்பைக் கொழுவும் அடித்துத் தருகிற கொல்லர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வேலை செய்யும்போது பத்து நிமிஷம் நின்று பாருங்கள். உலையில் கரி கனன்றுகொண்டிருக்கும். முன்பு தோல் துருத்தி ஊதினார்கள், இப்போது பல இடங்களில் சின்ன மோட்டார் காற்றை ஊதுகிறது. இரும்பு முதலில் மங்கின சிவப்பாகும், அது 500, 550 டிகிரி. பிறகு செர்ரிப் பழச் சிவப்பு, 700-க்கு மேல். ஆரஞ்சு நிறம் வந்தால் 900 பக்கம். மஞ்சளாகும்போது 1000-ஐத் தாண்டிவிட்டது. இந்த ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் கொல்லர் அதை எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து அடிக்கிறார். வெயிலில் நிறம் சரியாகத் தெரியாது என்றுதான் பட்டறையை நிழலும் இருட்டுமாக வைத்திருப்பார்கள்.

அந்த இரும்பை எதனால் பிடிக்கிறார்? குறட்டால். எதனால் அடிக்கிறார்? சுத்தியலால், பெரிய வேலைக்கு எதிரில் ஒருவர் நின்று சம்மட்டியால். ஆனால் ஒன்றைக் கவனிக்கவும். நீளமான கம்பியாக இருந்தால் சில சமயம் அவர் குறட்டை எடுப்பதே இல்லை. மூன்றடிக் கம்பியின் ஒரு முனை நெருப்பாய்ச் சிவந்திருக்கும், மறுமுனையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு அடிப்பார். இரும்பில் சூடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் வேலை முடிந்துவிடும். தூரத்தில் நின்று பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லும்? "கொல்லர் தாத்தா நெருப்புக் கம்பியை வெறுங்கையால புடிச்சாரு!" சொன்னது பொய் இல்லை. ஆனால் எந்த முனையை என்று சொல்லவில்லை. பாதி அற்புதக் கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

சரி, கை வேகாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது மாவு பிசைகிற மாதிரி இரும்பைப் பிசைய முடியுமா? அதுவும் முடியாது. ஆயிரம் டிகிரியில் கூட அந்த இரும்பை அமுக்கி உருவம் மாற்ற ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ எடை வேண்டும். நம் உள்ளங்கைக்கு அந்தப் பலம் கிடையாது. மெல்லிய கம்பியை நெம்பி வளைக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் சம்மட்டி. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்த பெரியவர்களுக்கு இது தெரியும். பட்டாவை வறட்டி அடுக்கிச் சூடாக்குவார்கள். ஐந்தடிச் சக்கரத்தின் பட்டா 500 டிகிரி சூடானால் சுற்றளவில் ஒரு அங்குலத்துக்கும் சற்று மேலாக நீண்டுவிடும். மூன்று நான்கு பேர் குறட்டால் தூக்கி மரச் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுக்கிக்கொள்ளும். அதில் எத்தனையோ பேருடைய கை படுகிறது, ஒரு கையும் இரும்பில் படுவதில்லை.

நம் முன்னோருக்கு இரும்பு புதிதும் அல்ல. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்முடைய பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேயே மேல்சிறுவளூரில் மூசையில் உருக்குச் செய்த தடயத்தை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் எடுத்துக் காட்டினார். இவ்வளவு பழைய தொழில், இவ்வளவு அனுபவம். அப்படி இருந்தும் இன்றைக்கும் கொல்லர் குறட்டைக் கீழே வைக்கவில்லை.

இப்போது கையைப் பற்றி. நம்முடைய தோல் 60 டிகிரி சூட்டில் ஐந்து விநாடியில் வெந்துபோகும். 70 டிகிரியில் ஒரு விநாடி போதும். ஆயிரம் டிகிரி எங்கே, எழுபது எங்கே! பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றும் சொல்லுவார்கள்: சிவந்த இரும்பை எவனும் தொடமாட்டான், கறுத்த இரும்புதான் ஆளைச் சுடும். நிறம் அடங்கிக் கறுப்பான பிறகும் அது 400 டிகிரி இருக்கலாம். தரையில் சும்மா கிடக்கிற துண்டு என்று நினைத்து எடுப்பார்கள், தோல் அதோடு வந்துவிடும். அனுபவமுள்ளவர் எடுப்பதற்கு முன்னால் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு அடிக்கிறதா என்று பார்ப்பார்.

"அப்போ தீ மிதிக்கிறாங்களே பாஸ்டர், அவங்க கால் ஏன் வேகலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் பெரிய புத்தகமே எழுதினார். நம் அக்கம்பக்கத்தார் பலர் தீமிதிக்கு விரதம் இருக்கிறவர்கள். அவர்களைப் பரியாசம் பண்ண எனக்கு மனசு இல்லை, உங்களுக்கும் வேண்டாம். சூடு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். கரி சூட்டை மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கும். அதன்மேல் சாம்பல் வேறு படர்ந்திருக்கும். வேகமாக நடக்கும்போது கால் ஒரு இடத்தில் அரை விநாடிகூட நிற்பதில்லை. சாம்பிராணி போட அடுப்பிலிருந்து கங்கை விரலால் எடுத்துக் கரண்டியில் போடுகிற பாட்டிமார்களை நீங்கள் பார்த்ததில்லையா? அதே கங்கை உள்ளங்கையில் பத்து விநாடி மூடிப் பிடிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். கரி அப்படி. இரும்பு அப்படி அல்ல. இரும்பு தன் சூட்டை அள்ளிக் கொட்டும். சுட்ட தோசையை விரலால் பிய்க்கிறோம், அது கிடந்த கல்லில் விரல் பட்டால் துள்ளுகிறோம். இரண்டும் ஒரே அடுப்பில் இருந்தவைதானே?

தோசைக்கல் இன்னொன்றையும் காட்டுகிறது. நன்றாகக் காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் சொட்டுகள் உடனே வற்றாமல் உருண்டு ஓடும். அடியில் உண்டாகும் ஆவி அந்தச் சொட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. இதை 1756-ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய வைத்தியர் எழுதிவைத்தார். ஈரமான கை கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சூடான உலோகத்தில் பட்டு விலகினால் சில சமயம் தப்புவதற்கு இந்த ஆவிதான் காரணம். பிரான்ஸ் நாட்டு பூட்டினி என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் உருகி ஓடும் இரும்பைக் கையால் வெட்டிக் காட்டினார். இப்போது செல்போனிலும் அப்படிப்பட்ட வீடியோக்கள் சுற்றுகின்றன. வாலிபப் பிள்ளைகளே, அதைப் பார்த்துவிட்டு வெல்டிங் பட்டறையில் போய்ச் சோதிக்காதீர்கள். அது தட்டி விலகுகிற வித்தை. பிடிப்பதும் அமுக்குவதும் வளைப்பதும் நேரம் எடுக்கிற வேலை. ஆவி ஒரு நொடிதான் காக்கும், அப்புறம் தசைதான் இருக்கும்.

ஆக, தம்பியின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஒரு நொடி தொடுவதற்கு இயற்கையிலேயே இடம் உண்டு. பிடித்து வேலை செய்ய முடியாது. இனி சகோதரியின் கேள்வி. இதில்தான் மனுஷருடைய மானமும் உயிரும் அடங்கியிருக்கிறது.

காய்ச்சின இரும்பைத் தூக்க வைத்து வழக்குத் தீர்ப்பது நம் தேசத்தில் பழைய வழக்கம். யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் அதற்கு முறையே எழுதியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவனுடைய கைகளில் ஏழு அரச இலைகளை வைத்து நூலால் கட்ட வேண்டும், ஐம்பது பலம் எடையுள்ள பழுத்த இரும்பு உருண்டையை அதன்மேல் வைக்க வேண்டும், தரையில் வரைந்த ஏழு வட்டங்களை அவன் கடக்க வேண்டும், பிறகு நெல்லைக் கையில் தேய்த்துக் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1783-ல் காசியில் அலி இப்ராகிம் கான் என்ற நீதிபதியின் முன்னால் ஒருவர் இப்படியே உருண்டையைச் சுமந்தார். கையில் கொப்புளம்கூட இல்லை, விடுதலை ஆனார். அந்த நீதிபதியே எழுதிய குறிப்பு கல்கத்தாவில் அச்சான ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் இருக்கிறது. அவர் குற்றமற்றவராகவே இருந்திருக்கலாம். ஆனால் ஏழு பச்சை இலையை எண்ணிப் பாருங்கள். இலையில் தண்ணீர் இருக்கிறது, இலைக்கும் இலைக்கும் நடுவே காற்று இருக்கிறது, நடக்கிற தூரமோ பதினைந்து அடிக்குள். இலை தடிப்பா, உருண்டை உலையிலிருந்து வந்து எவ்வளவு நேரமாச்சு, ஆள் வேகமாக நடப்பவனா, தள்ளாடும் கிழவனா? தீர்ப்புச் சொன்னது இவைகள்தான்.

'அது புறஜாதி வழக்கம்' என்று யாரும் உடனே சொல்லிவிடக் கூடாது. சபையும் இதைச் செய்தது! ஐரோப்பாவில் பல நூறு வருஷம் குருமார்கள் ஜெபம் பண்ணி இரும்பை ஆசீர்வதித்தார்கள். ஒன்பது அடி தூரம் சுமக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் ஆறுகிறதென்றால் நிரபராதி, சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. நீரிழிவுக்காரன் ஒருவனுக்கு அங்கே என்ன நியாயம் கிடைத்திருக்கும் என்று சுகர் வியாதி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஹங்கேரி ராஜ்யத்தில் வாராத் என்ற ஊர், இன்றைக்கு ருமேனியாவில் ஒராடியா. அங்கே 1208 முதல் 1235 வரை வைத்திருந்த பதிவேட்டில் இப்படி முடிவு வரைக்கும் போன வழக்குகள் 208. அதில் 130 பேர் தப்பினார்கள். இரும்பு உண்மையிலேயே பழுத்திருந்தால் இத்தனை பேர் எப்படித் தப்புவார்கள்? உலையும் நேரமும் குருவின் கையில் இருந்தது என்பதுதான் சரித்திரக்காரர் சொல்லும் விளக்கம். யார்மேல் இரக்கமோ அவனுக்கு நீண்ட ஜெபம், ஆறின இரும்பு. 1215-ல் ரோமில் கூடின நான்காவது லாத்தரன் சங்கம், குருமார் இதை ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடுத்தது. அதற்குப் பிறகுதான் அது மெல்ல மெல்ல ஒழிந்தது.

எகிப்து தேசத்துப் பழைய துறவிகளின் சரித்திரத்தில் அப்பெல்லே என்ற கொல்லர் வருகிறார். சோதிக்க வந்த பிசாசைத் துரத்தப் பழுத்த இரும்பைக் கையால் எடுத்தார், அன்று முதல் வெறுங்கையாலேயே இரும்பு வேலை செய்தார் என்று எழுதியிருக்கிறது. தம்பியிடம் பேசினவர் இதைத்தான் எங்கேயோ கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இந்தக் கதையோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால் வேதத்தில் இல்லாத ஒன்றை உபதேசமாக்கவும் மாட்டேன்.

இதெல்லாம் பழங்கதை என்று விட முடிந்தால் நான் இந்தப் பாடமே எழுதியிருக்கமாட்டேன். 2023-ல் தெலங்கானாவில் முலுகு மாவட்டத்தில் ஒரு மனிதர்மேல் தகாத உறவு என்று சந்தேகம். ஊர்ப் பெரியவர்கள் நெருப்பு மூட்டி, அதில் காய்ந்த கடப்பாரையை வெறுங்கையால் எடுக்க வைத்தார்கள். அவர் எடுத்து எறிந்தார். அதோடு விட்டார்களா? இல்லை! எடுத்த பிறகும் குற்றத்தை ஒப்புக்கொள் என்று நெருக்கினார்கள். கடைசியில் அவருடைய மனைவி போலீசுக்குப் போனார். கவனியுங்கள் பிரியமானவர்களே, கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டாலும் குற்றவாளி. தீர்ப்பு இரும்பைக் காய்ச்சுவதற்கு முன்னாலேயே எழுதியாகிவிட்டது.

வேதம் என்ன சொல்லுகிறது? அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரம் 3 முதல் 6 வரை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பற்சேதத்துக்குப் பின் மெலித்தா தீவில் மழையும் குளிரும். பவுல் விறகு பொறுக்கி நெருப்பில் போடுகிறார். அனலினிமித்தம் ஒரு விரியன் பாம்பு வெளியே வந்து கையைக் கவ்விக்கொள்ளுகிறது. அந்த ஊர் ஜனங்கள் பார்த்தவுடனே என்ன தீர்ப்புச் சொன்னார்கள்? இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பினாலும் பழி விடவில்லை என்றார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். கை வீங்கவில்லை, ஆள் விழவில்லை. உடனே தீர்ப்பை மாற்றி இவன் ஒரு தேவன் என்றார்கள். பவுல் கொலைகாரனும் அல்ல, தேவனும் அல்ல. ஒரே கையைப் பார்த்து இரண்டு தீர்ப்பு, இரண்டும் தப்பு! அந்தத் தீவார் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை, அந்நியருக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்த பட்சமுள்ளவர்கள் என்றே சொல்லுகிறது. நல்ல மனுஷரும் ஒரு கையைப் பார்த்து இப்படித் தவறிப்போகலாம்.

"எண்ணாகமம் 5-ல் கசப்பான ஜலம் குடிக்க வைத்தார்களே" என்று வேதம் நன்றாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அங்கே கொடுத்தது என்ன? தண்ணீரும் வாசஸ்தலத்துப் புழுதியும் கழுவின எழுத்தும். இயல்பாக யாரையும் கொல்லாத ஒன்று. கர்த்தர் தலையிட்டால் ஒழிய அந்த ஸ்திரீக்கு ஒன்றும் நேராது. பழுத்த இரும்பு அதற்கு நேர் எதிர், அற்புதம் நடந்தால் ஒழிய எல்லாரையும் சுடும். குற்றமற்றவள் தப்புவதற்கு அற்புதம் வேண்டும் என்று சட்டம் வைப்பது நியாயமா? மற்ற வழக்குகளுக்கு நியாயப்பிரமாணம் கேட்டது இரண்டு மூன்று சாட்சிகளையும் நன்றாய் விசாரிக்கும் நியாயாதிபதிகளையும்தான் (உபா. 19:15-18).

தானியேல் புத்தகத்து மூன்று வாலிபரையும் இதோடு குழப்ப வேண்டாம். அவர்கள் சூளைக்குள் தாங்களாகப் போகவில்லை, கட்டித் தூக்கிப் போடப்பட்டார்கள். தூக்கிப் போட்டவர்களை அந்த அக்கினி கொன்றது (தானி. 3:22). நெருப்பு நெருப்பாகவே இருந்தது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று சொன்னவன் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஏசாயா தீர்க்கதரிசி. 44:12-ல் இரும்பு வேலைக்காரனைப் பற்றி எழுதுகிறார். கரி, சுத்தி, புயபலம், பசி, தண்ணீர் குடியாமல் களைத்துப்போவது, எல்லாம் அதில் உண்டு. பட்டறையைக் கண்ணால் பார்த்தவர் எழுத்து. அவரே 6:6-ல் பரலோக தரிசனத்தைச் சொல்லுகிறார். சேராபீன்களில் ஒருவன் பலிபீடத்து நெருப்புத் தழலை எடுத்துவந்து அவருடைய வாயைத் தொடுகிறான். எப்படி எடுத்தான்? குறட்டால்! சர்வவல்லவருடைய சமுகத்தில் நிற்கிற சேராபீனே குறட்டை எடுத்தானே, நம்ம ஊர்க் கொல்லர் எடுத்தால் அது அவிசுவாசமா?

சரி, ஊரார் நெருக்கினால் என்ன செய்வது? சகோதரி கேட்டது அதுதானே.

முதலாவது, நம் சபையார் ஒருவரும் இப்படிப்பட்ட சோதனைக்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், வேறொருவரை அதில் நிறுத்தும் கூட்டத்தில் வேடிக்கை பார்க்கவும் வேண்டாம், அவர் எந்த மதத்தாரானாலும் சரி. "எங்க பாஸ்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காரு" என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள், நான் வந்து பேசிக்கொள்கிறேன். ஒரு ஆளைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகக் காயப்படுத்தினால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 120-ஆம் பிரிவின்படி 7 வருஷம் வரை சிறை, கொடுங்காயம் ஆனால் 10 வருஷம் வரை. போலீஸ்காரருக்கும் அந்தப் பிரிவுதான், பஞ்சாயத்துப் பெரியவருக்கும் அதேதான். உடனே உதவி வேண்டுமென்றால் 112. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. இரண்டு நம்பரையும் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கை சுட்டுவிட்டால், அது உலையோ தோசைக்கல்லோ, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். ஐஸ், இங்க், பற்பசை, எண்ணெய், சாம்பல் ஒன்றும் தடவ வேண்டாம். சுத்தமான துணியைத் தளர மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளங்கை வெந்தால் சின்னக் காயம் என்று வீட்டில் வைக்காதீர்கள், ஆறும்போது சுருங்கி விரல் மடங்கிவிடும். செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், பெரிய காயமானால் 108-ஐக் கூப்பிட்டு முண்டியம்பாக்கம் போய்விடுங்கள். ஜெபத்துக்கு நான் அங்கேயே வருவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு 1 சாமுவேல் 13:19 முதல் 22 வரை வாசித்துவிட்டு வாருங்கள். இஸ்ரவேலில் கொல்லனே இல்லாமல் பண்ணினது யார், எதற்காக என்று வாலிபர்களிடம்தான் முதலில் கேட்பேன்.